மச்சான் விட்டுப்போன கிருமி

என் ராத்தா ஸுல்பிகாவைப் பற்றிக் கேட்டால் கிண்ணியாவில் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: அமைதியான மனுஷி. சொல்கிறவர்கள் அவளோடு ஒரு வளவில் இருந்து பார்த்ததில்லை. வாயைத் திறக்காமலே நினைத்ததைச் சாதிக்கிற ஆட்களுக்கு இந்த உலகத்தில் நல்ல பெயர் கிடைக்கிறது. சத்தம் போட்டும் ஒன்றையும் சாதிக்காத என்னைப் போன்றவர்களுக்குத்தான் கோபக்காரி என்ற பட்டம். நான் றிஷானா, அவளுடைய தங்கை, பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு முருங்கை மரம் மட்டும்தான் இருக்கிறது.

ராத்தாவின் கணவர் அப்துல் மஜீத் மச்சான் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்ச் ஓட்டினவர். பின்னேரக் கடைசி ஓட்டத்தில் எங்கள் கரைக்கு நேரே வரும்போது ஹோனை ஒரு தடவை நீட்டி அடிப்பார். லோஞ்சில் இருக்கிறவர்கள் ஏதோ படகுக்கு வழி கேட்கிறார் என்று நினைப்பார்கள். அது ராத்தாவுக்கு. காற்று எங்கள் பக்கம் வீசினால் எனக்கும் கேட்கும். வீசாவிட்டாலும் ராத்தாவுக்குக் கேட்கும். உடனே குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டுவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. ஒருவருக்கு ஒருவர் பிள்ளையாக இருந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மச்சான் பிள்ளைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்தா எப்போதும் உம்மாவாகத்தான் இருந்தாள்.

வயது போகப்போக மச்சானுக்குச் சலம், அதுதான் மூத்திரம், அடைத்தது. நெஞ்சு பலமில்லாததால் ஒப்பரேஷன் செய்ய ஏலாது என்றார்கள். சலம் போகக் குழாய் போட்டு அனுப்பினார்கள். லோஞ்ச் வேறு கைக்குப் போனது. குழாய் இருக்கிற உடம்பில் கிருமி அடிக்கடி வரும். கிருமி வந்தால் குளிசை வரும். குளிசையைக் கண்டால் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். புயலில் லோஞ்சைக் கரை சேர்த்த மனிதருக்கு, ஒரு குளிசையை விழுங்கச் சொன்னால் கண் கலங்கும். ஆனாலும் ராத்தா எப்படியோ போட வைத்துவிடுவாள். என்ன வித்தை என்று கேட்டால் சிரிப்பாள், சொல்லமாட்டாள்.

போன வருஷக் கடைசியில் ஒரு விடியல், சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப்போனபோது மச்சான் எழும்பவில்லை. நெஞ்சுதான். ராத்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மய்யித்தை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் சோடியாக வைத்தாள். வந்த பெண்கள் எல்லாம் பொறுமையான மனுஷி என்று மெச்சினார்கள். எனக்கு அது பொறுமையாகத் தெரியவில்லை. அவர் போனதை அவள் இன்னும் நம்பவில்லை என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு இத்தா. கணவன் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். அன்னிய ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள். நகையில்லை, அத்தர் இல்லை, வீட்டை விட்டு வெளியே தங்குவதில்லை. ராத்தா குடாக்கடலைப் பார்த்த அறையைத் தெரிந்தெடுத்தாள். மச்சான் படுத்த கட்டில் அங்கேதான் இருந்தது. பின்னேரமானால் யன்னல் சீலையின் ஓரத்தை விலக்கிக்கொண்டு இருப்பாள். புது ஓட்டுநர் ஹோன் அடிப்பதில்லை. ராத்தா அந்த நேரத்துக்குக் குசினிக்குப் போவதையும் நிறுத்தவில்லை.

“யாருக்குத் தேத்தண்ணி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்குத்தான்” என்றாள். இரண்டு கோப்பை இருந்தது.

“சும்மா இருங்க ராத்தா” என்று ஒன்றை நான் எடுத்துக் குடித்துவிட்டேன். இது என் வாயில் ஊறிப்போன சொல். அவள் எதைச் செய்தாலும் சும்மா இருங்க ராத்தா என்பேன். அவளும் சும்மா இருந்ததே கிடையாது.

அந்த வீட்டுக் கக்கூசு வளவின் கடைசியில் இருக்கிறது. துக்கம் கேட்க ஆண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தால் முன் விறாந்தையிலும் முருங்கைக்குக் கீழேயும் கதிரையைப் போட்டு மணிக்கணக்காகக் கதை. அவர்கள் கண்ணில் படாமல் வளவைக் கடக்க ஏலாது. ராத்தா இதற்குக் கண்டுபிடித்த வழி, தண்ணீர் குடிக்காமல் விடுவது. மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு இருப்பாள். சல எரிவு தொடங்கியது. அதற்கும் ஒரு வழி அவளிடம் இருந்தது. மச்சானின் மிச்சக் குளிசைகள் அலுமாரிக்குள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. எரியும்போது ஒன்றிரண்டு போடுவாள், எரிவு அடங்கினால் மூடி வைப்பாள்.

எனக்குத் தெரிய வந்தது காய்ச்சல் வந்த பிறகுதான். பின்பக்கம் இடுப்புக்கு மேலே நோகுது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கத்தின கத்தில் முருங்கைக்குக் கீழே இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். அவள் வெளியே வரமாட்டேன் என்றதால் சலத்தைப் போத்தலில் எடுத்துக்கொண்டு டொக்டர் கௌசிகாவிடம் போனேன். பகலில் ஆஸ்பத்திரியில் வேலை, பின்னேரத்தில் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் நோயாளி பார்க்கிற பிள்ளை. கப்பல்துறைப் பக்கத்து ஊர். வயது குறைவு, கதையும் குறைவு.

“கல்ச்சர் செய்யக் குடுப்பம் ரீச்சர். என்ன கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் எண்டு அதிலதான் தெரியும். அதுவரைக்கும் இந்தக் குளிசையைப் போடட்டும். ஆனா காய்ச்சல் கூடினா ஆள் இங்க வரவேணும். போத்தல் வரக்கூடாது” என்றாள்.

காய்ச்சல் கூடியது. ராத்தா போர்வைக்குள் கிடந்து நடுங்கினாள். வா என்றால் இத்தா என்கிறாள். நான் அவளோடு வாதாடிப் பயனில்லை என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வாசல் சீலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்.

“மகள், உயிர வதைச்சு இத்தா இருக்கச் சொல்லி மார்க்கத்தில இல்ல. வைத்தியத்துக்குத் தாராளமாப் போகலாம். தேவை எண்டா ஆஸ்பத்திரியில தங்கவும் கூடும்.”

“கூடும் எண்டு எனக்கும் தெரியும் ஹஸ்ரத்” என்றாள் ராத்தா உள்ளேயிருந்து. “ராவைக்கு மட்டும் நான் இந்த அறைக்கு வந்திரோணும்.”

என் கணவர் அஸீம் ஓட்டோ ஓட்டுகிறவர். தனக்கும் ராத்தாவுக்கும் நடுவில் ஒரு படுக்கைச் சீலையைத் தொங்கவிட்டுக் கட்டினார். அப்படித்தான் ராத்தா மச்சான் போனபிறகு முதல் தடவை வீதிக்கு வந்தாள்.

டொக்டர் கௌசிகா முதுகில் மெல்லத் தட்டிப் பார்த்தாள். ராத்தா உதட்டைக் கடித்தாள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். அன்றைக்கே கல்ச்சர் முடிவும் திருகோணமலையிலிருந்து வந்திருந்தது. டொக்டர் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள்.

“அம்மா, இது சாதாரண கிருமி இல்லை. வழக்கமா நாங்கள் குடுக்கிற குளிசை ஒண்டுக்கும் அசையாது. நான் தந்ததுக்கும் அசையேல்லை. இவ்வளவு மருந்துக்குப் பழகின கிருமி சும்மா வராது. முந்தி எப்ப எப்பவெல்லாம் அன்டிபயோட்டிக் போட்டனீங்கள்?”

“அவருக்குக் குடுக்கக்குள்ள எல்லாம்” என்றாள் ராத்தா.

எனக்கு விளங்கவில்லை. டொக்டருக்கும் விளங்கவில்லை.

“அவர் தனியப் போடமாட்டார். நீ போட்டாத்தான் நான் போடுவன் எண்டு சொல்லுவார். நான் முதல்ல போட்ட மாதிரி நடிச்சன். ஆ காட்டு எண்டார். நாக்குக்குக் கீழயும் பாத்தார். அதுக்குப் பிறகு உண்மையாப் போட்டன். அவருக்கு ஒண்டு, எனக்கு ஒண்டு. எரிவு குறைஞ்சா அவர் விட்டிருவார். நானும் விட்டிருவன்.”

இதுதான் அந்த வித்தை! நான் தலையில் அடித்துக்கொண்டேன். “குளிசை என்ன கொழுக்கட்டையா ராத்தா, சோடியாத் திங்கிறதுக்கு?” என்று கத்தினேன். வெளியே இருந்த நோயாளிகள் சிரித்தது கேட்டது. டொக்டர் சிரிக்கவில்லை.

“தேவையில்லாமப் போட்டதும் பிழை, பாதியில விட்டதும் பிழை. பாதி மருந்தில சாகிறது நோஞ்சான் கிருமி. தாங்கிற கிருமி மிஞ்சிப் பெருகும்” என்றாள். பிறகு கதிரையை ராத்தா பக்கம் இழுத்துக்கொண்டு, வகுப்பில் நான் பாடம் எடுப்பதைவிடப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். நைட்ரோஃபுரண்டோயின் என்று ஒரு குளிசைக்கு இந்தக் கிருமி சாகும். பொஸ்போமைசின் என்று தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற தூளுக்கும் சாகும். ஆனால் இரண்டும் சலப்பைக்குள் மட்டும்தான் நன்றாக வேலை செய்யும்.

“கிருமி சலப்பையில நிண்டிருந்தா அந்தத் தூளே போதும். இப்ப அது சிறுநீரகத்துக்கு ஏறிற்று. கள்ளன் அறைக்குள்ள. தூள் வாசலோட நிண்டிரும்.”

“அப்ப வேற என்ன இருக்கு?” என்று நான் கேட்டேன்.

“அமிகாசின் எண்டு ஒரு ஊசி இருக்கு. அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அம்மாட இரத்தத்தைப் பாத்தா சிறுநீரகம் இப்பவே களைச்சுப் போயிருக்கு. அதைத் தொட எனக்குப் பயம். மிஞ்சினது கடைசி அலுமாரியில வைச்சிருக்கிற மருந்துதான். மெரோபெனம் எண்டா வார்டில இருந்து ஒருநாளைக்கு மூண்டுதரம் நரம்பில ஏத்தவேணும். அதின்ர தம்பி ஒண்டு இருக்கு, எர்ட்டாபெனம். அது ஒருநாளைக்கு ஒருதரம் போதும்.”

“ஒருதரம் எண்டா, ஊசியப் போட்டுட்டு வீட்ட போகலாமா?” ராத்தா முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

“எனக்கு வார்டில வைச்சிருக்கத்தான் விருப்பம். ஆனா அம்மா சாப்பிட்டதைச் சத்தி எடுக்கேல்லை, பிறஷர் விழேல்லை. ஒவ்வொருநாளும் தவறாம வருவீங்கள் எண்டா, தண்ணி குடிப்பீங்கள் எண்டா, செய்து பாக்கலாம். பிறஷர் விழுந்தாலோ சத்தி எடுத்தாலோ அடுத்த நிமிஷம் வார்டு. அதுக்குப் பிறகு என்னோட கதைக்கக்கூடாது. இதைத் தள்ளிப்போட்டா கிருமி இரத்தத்துக்குப் போகும் அம்மா. போனா, உயிருக்கு நான் பொறுப்புச் சொல்ல மாட்டன்.”

எனக்கு அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த மட்டில் எழும்பி வந்திருந்தால் நல்லது. டொக்டர் இன்னொன்றையும் சொன்னாள்.

“லோஞ்ச் மஜீத் ஐயாட மனிசிதானே நீங்கள்? பேரைப் பாத்திட்டு லாபுக்குப் போன் எடுத்துக் கேட்டனான். அவருக்கும் கடைசியா வந்தது இதே வகைக் கிருமி. இதே மருந்துகளுக்குத்தான் அதுவும் சாகேல்லை. அவரிட்ட இருந்துதான் வந்தது எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. ஆனா குழாயைக் கழுவினது, துடைச்சது எல்லாம் நீங்கள்தானே. ஒரு வீட்டுக்குள்ள கிருமி இப்பிடிக் கைமாறுறது நடக்கிறதுதான்.”

அடிச்சுச் சொல்ல ஏலாது என்றது எனக்குக் கேட்டது. ராத்தாவுக்கு அது கேட்கவில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அவள் இரண்டு கையையும் எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

அஸீம் திருகோணமலை ரவுனுக்குப் போய் மருந்துக்கடைகளில் அலைந்து ஊசிமருந்தை வாங்கிக்கொண்டு வந்தார். நான் ஓட்டோவில் புதுச் சீலை மாற்றிக் கட்டிவிட்டு ராத்தாவைக் கூப்பிடப் போனேன். அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள், மச்சான் கிடக்கிற மாதிரியே.

“எனக்கு ஊசி வேணாம் றிஷா.”

“ராவைக்கு வீட்டுக்கு வந்திரலாம் எண்டு டொக்டர் சொன்னாதானே? ஹஸ்ரத்தும் சொல்லிட்டார். இன்னும் என்ன?”

“இத்தா இல்ல புள்ள.” கையால் வயிற்றைத் தடவினாள். “அது அவர்ர.”

“எது அவர்ர?”

“கிருமி. அவர்ர உடம்பில இருந்தது. அவர்ர உடுப்பெல்லாம் குடுத்தாச்சு. லோஞ்சில இப்ப வேற ஆள். புள்ள குட்டியும் இல்ல. அவர்ர உடம்பில உசிரோட இருந்தது எண்டு எனக்கிட்ட வேற என்ன இருக்கு?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஊரில ஆம்பிளை பொண்டாட்டிக்கு நகை விட்டுட்டுப் போவான், வளவு விட்டுட்டுப் போவான். உங்கட புருஷன் கிருமிய விட்டுட்டுப் போயிருக்கார். அதையும் நீங்க பொத்திப் பொத்தி வளக்கிறீங்க! செத்தா ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில அடக்குவம், அதுதான் வேணுமா?” என்று கத்தினேன். அவள் அசையவில்லை. நான் குசினிக்குப் போய் அழுதேன். என் ராத்தா என் கண் முன்னாலே போகப்போகிறாள், அதுவும் இப்படி ஒரு பைத்தியக்கார ஆசைக்காக என்று நினைக்க எனக்கு நெஞ்சு வெடித்தது. அதைவிட மோசம், அவள் சொன்னது எனக்கு விளங்கியதுதான். விளங்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

பின்னேரம் காய்ச்சல் ஏறியது. கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். நான் ஈரத்துணியை நெற்றியில் வைத்துக்கொண்டு இருந்தேன். யன்னலுக்கு வெளியே கடைசி லோஞ்ச் போய்க்கொண்டிருந்தது. ராத்தா கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்கி மூடினாள். திரும்பவும் திறந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை மய்யித்து எடுத்த அன்றைக்கும் நான் பார்த்ததில்லை.

“றிஷா, அவர்ர முகம் வருகுதில்ல.”

“என்ன?”

“நினைச்சுப் பாக்கிறன், வருகுதில்ல. லோஞ்ச் வருது, தொப்பி வருது, முகம் இருக்கிற இடத்தில ஒண்டுமில்ல. குரலும் வருகுதில்ல. காய்ச்சல் எல்லாத்தையும் அழிக்குது புள்ள.” என் கையைப் பிடித்தாள். அனல் மாதிரி இருந்தது. “கிருமிய வைச்சுக்கொண்டு அவர விட ஏலாது. அஸீமக் கூப்பிடு. ஊசியப் போடுவம்.”

டொக்டர் பிறஷரைப் பார்த்தாள், ஒரு சொல்லும் ஏசாமல் நரம்பு தேடினாள். முதல் ஊசி ஏறி முடிந்த பிறகும் வீட்டுக்கு விடாமல் தன் அறையிலேயே கிடத்தி வைத்திருந்து, நடுக்கம் நின்றதைக் கண்டபிறகுதான் அனுப்பினாள். டின்னில் இருந்த குளிசைகளை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அழிக்கிற முறையில் அழிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொருநாளும் சீலை கட்டின ஓட்டோ எங்கள் வளவிலிருந்து புறப்பட்டது. துக்கம் கேட்க வந்தவர்களை நான் கதிரையோடு கிளப்பி என் வீட்டு முற்றத்துக்கு அனுப்பினேன். கோபக்காரி என்ற பெயருக்கு அன்றைக்குத்தான் ஒரு உபயோகம் கிடைத்தது. ராத்தா தண்ணீர் குடித்தாள், வளவைக் கடந்தாள், குடித்தாள். முதல் சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது. ஒருநாள் ஓட்டோவில் வரும்போது சீலைக்குள் என் பக்கத்தில் இருந்தவள் தனியே சிரித்தாள்.

“என்ன ராத்தா?”

“வந்திட்டுது. ஆ காட்டு எண்டு சொல்லக்குள்ள அவர்ர மூக்கு ஒருபக்கம் சுருங்கும். அது இப்ப தெரியுது.”

அஸீம் வண்டியை மெதுவாக்கினார், ஏனென்று அவருக்கே தெரியாது. வீடு வரும்வரை ராத்தா சீலைக்குள் மச்சானின் மூக்கைப் பற்றியும் பல்லைப் பற்றியும் கதைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. என் கணவர் நாளைக்கு இல்லாமல் போனால் எனக்கு அவருடைய மூக்கு எப்படிச் சுருங்கும் என்று தெரியுமா என்று அன்றைக்கு உற்று உற்றுப் பார்த்தேன். என்ன பார்க்கிறாய் என்று அவர் பயந்துபோனார்.

மருந்து முடிந்தது. நரம்பிலிருந்து ஊசிக்குழாயைக் கழற்றினார்கள். கொஞ்ச நாள் பொறுத்து, எல்லாம் சரிதானா என்று பார்க்க டொக்டர் திரும்பவும் சலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினாள். முடிவு சொல்ல எங்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னாள். வாசலிலேயே முகம் மலர்ந்து நின்றாள்.

“அம்மா, வடிவா வந்திருக்கு. கிருமி ஒண்டும் முளைக்கேல்லை.”

அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகச் சொன்னேன். ராத்தா கதிரையில் இருந்தபடி டொக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்டுமே இல்லையா மகள்?”

“ஒண்டுமே இல்லை அம்மா. துப்புரவாப் போயிற்று.”

“அப்ப, அவர் போயிட்டார் என்ன?” என்றாள் ராத்தா.

டொக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ராத்தாவின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. மச்சான் எழும்பாத விடியலில் வராத சத்தம், செருப்பைத் துடைத்து வைத்தபோது வராத சத்தம், எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தச் சின்ன அறை அதற்குப் போதவில்லை. வெளியே இருந்த நோயாளிகள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் கௌசிகா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, ராத்தாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் சும்மா இருங்க ராத்தா என்று சொல்லவில்லை.